நிரை பார்த்துச் சுட்டவனுக்கு

சேகர், நீ சுட்டு வெடிக்காமல் போன குண்டுகள் நாங்கள் வேலை செய்கிற மேல்மலையில் கிடக்கின்றன. அவை எங்கே விழுந்தன என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் நீ வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் மேரியின் கால் போயிற்று.

இதை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதிலாக, கல்யாணத்துக்குக் கோயில் மண்டபம் போதுமா, ரிங்லெட்டில் பெரிய மண்டபம் பார்க்கலாமா என்று கேட்டு எழுதினாய். அடுத்த கடிதத்துக்கு அதுகூட இல்லை. ஆகவே இதை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன் முகாமில் இருக்கிற தமிழ்ப் பையன்கள் அந்தப் பத்திரிகையை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிப் படிப்பார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவர்களும் படிக்கட்டும். உனக்குப் பெண் கொடுக்க இருக்கிற செல்வி வீட்டாரும் படிக்கட்டும். நம்மைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: நான் கேமரன்மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொளுந்து எடுக்கிறவள். என் புருஷன் கவாத்து வெட்டுகிறவர், அதாவது முற்றிப்போன தேயிலைச் செடியைக் கத்தியால் இடுப்பளவுக்குக் கீழே வெட்டித் திரும்பத் தளிர்க்க வைக்கிற வேலை. மேரி எங்கள் லயத்தில், அதாவது தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளில், அடுத்த வீடு. நீ பால்குடி மறந்த நாளிலிருந்து பாதிச் சோறு அவள் வீட்டில்தான் தின்றாய். நீ பட்டாளத்துக்காரன்.

போன தீபாவளிக்கு நீ லீவில் வந்திருந்தாய். எண்ணெய் தேய்த்துக் குளித்து, தோசையும் ஆட்டுக்கறியும் தின்று, உன் அப்பாவோடும் மேரியின் புருஷன் அந்தோணியோடும் வாசலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாய். நான் உள்ளே முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது. பட்டாளத்துக்குப் போன நாலு வருஷத்தில் நீ இவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“புதுசா ஒன்னு வந்திருக்கு மாமா. லாஞ்சர். குண்ட கையால வீசுனா எவ்வளவு தூரம் போகும்? இது இந்த மலையில வச்சு அடிச்சா அந்த மலையில போயி விழும். ஒன்னு ஒன்னா இல்ல. மூக்கு மட்டும் பொன் பூசுன மாதிரி, பெல்ட்டுல வரிசையா கோத்திருக்கும். அமுக்கிப் பிடிச்சா டம் டம் டம்னு போய்க்கிட்டே இருக்கும்.”

“அடப்பாவி, அத ஒன்னு கொண்டாந்திருக்கலாம்லா,” என்றான் அந்தோணி. “பக்கத்து எஸ்டேட்டுக்காரன் வெடி வச்சு நம்ம மானத்த வாங்குறான்.”

“தூக்கிட்டு வர்றதுக்கே ரெண்டு மூணு ஆளு வேணும் மாமா. முக்காலியில பூட்டித்தான் அடிக்கணும். ஒரு குண்டு போற வேகத்துலயே அது பின்னால நகந்து, அடுத்த குண்ட அதுவா இழுத்து வச்சுக்கும். நாம ஒன்னும் செய்ய வேண்டாம்.”

உன் அப்பா வாயில் இருந்ததை மென்றபடியே கேட்டார். “கை தவறி பக்கத்துலயே விழுந்துச்சுன்னா? சுடுறவன் செத்தான்ல?”

“அதான் இல்ல! அங்கதான் இருக்கு வேலப்பாடு.” நீ எழுந்தே நின்றுவிட்டாய். “குழாய்க்குள்ள சுத்திக்கிட்டே வெளிய வரும்பா. வெளிய போயும் கொஞ்ச தூரம் சுத்தணும். அப்பதான் உள்ள இருக்குற பூட்டு தொறக்கும். அதுக்கு முன்னால எதுல மோதுனாலும் வெடிக்காது. சுடுறவனுக்கு ஒரு கீறல் விழாது. தூரமா போயி விழுந்துச்சுன்னா, அஞ்சு மீட்டருக்குள்ள இருக்குறவன் மிஞ்ச மாட்டான். பதினஞ்சு மீட்டர் வரைக்கும் ஓடு செதறிக் குத்தும்.”

அந்தோணி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். புதுசாக வருகிற தமிழ்ப் பையன்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க நீயே ஒரு வழி கண்டுபிடித்ததாகவும், அதற்காக உன் சார்ஜன் முதுகில் தட்டிக்கொடுத்ததாகவும் சொன்னாய். மலைச்சரிவை முழுசாகப் பார்த்து மிரளக் கூடாது. மனசுக்குள் நிரை பிரித்துக்கொள்ள வேண்டும். இந்த நிரையை அடித்து முடித்தால் அடுத்த நிரை. நடுவில் ஒரு இடம் விட்டுப்போகக் கூடாது. “எங்கம்மா கொளுந்து எடுக்குற மாதிரி எடுங்கடானு சொல்லிக் கொடுப்பேன்” என்று உள்ளே என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

நிரை என்றால் என்ன என்று தோட்டத்தில் பிறக்காதவர்களுக்குத் தெரியாது. காலையில் கங்காணி ஒவ்வொரு பொம்பளைக்கும் தேயிலைச் செடியில் ஒரு வரிசையைக் காட்டுவார். அதுதான் அவளுடைய நிரை. அன்றைக்கு அந்த வரிசை அவள் பொறுப்பு. அவள் நிரையில் ஒரு கொளுந்து முற்றிப்போனால் அவளைத்தான் திட்டுவார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து நிரைக்காரி இரண்டையும் சேர்த்து எடுப்பாள். நீ வயிற்றில் இருந்தபோது என் நிரையை மேரி எடுத்தாள். அவளுக்குக் கருக்கலைந்தபோது அவள் நிரையை நான் எடுத்தேன். பனியில் விரல் விறைத்துப்போய், கால் இடுக்கில் அட்டை ஏறிக்கொண்டிருக்க, யாரோ குடிக்கிற தேத்தண்ணிக்காக நாங்கள் படுகிற பாட்டுக்குப் பெயர் நிரை. அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டுபோய், சரிவில் இருக்கிற மனுஷரை ஒருவர் விடாமல் கொல்வதற்கு வாய்ப்பாடாக்கி, அதற்கு முதுகில் தட்டும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய். எனக்குக் கையில் இருந்த மாவைக் கீழே போடத் தோன்றியது. போடவில்லை. பண்டிகை நாள்.

நீ அதோடு நிறுத்தவில்லை. மேல்மலைக்கு மேலே இருக்கிற காட்டில் கம்யூனிஸ்டுகள் தங்கியிருக்கிறார்கள் என்று எங்களையெல்லாம் பள்ளிக்கூடக் கட்டடத்தில் அடைத்து வைத்தார்களே, நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தோமே, அங்கே சுட்டது நீதான் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாய்.

“ஆபீசரு மேப்ப விரிச்சு வச்சுக்கிட்டு முழிக்கிறாரு. துவான், எனக்கு மேப்பு வேணாம், நிரை போதும்னேன். லோரி ரோட்டு வளைவுல வச்சேன். கீழேர்ந்து நிரைய எண்ணிக்கிட்டே காட்டு ஓரம் வரைக்கும் ஏத்துனேன். அசந்துட்டாரு.”

“எல்லாம் வெடிச்சுதா?” என்று கேட்டார் உன் அப்பா.

“எங்கப்பா? மழையில ஊறுன மண்ணு. மேல் நிரையில கொஞ்சம் பொத்துனு விழுந்து அப்படியே உக்காந்துருச்சு. எது எதுன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்வேன்.”

“அத எடுத்தாச்சா?”

“எடுத்துட்டாங்கப்பா. அதுக்குன்னு தனி ஆளுங்க இருக்காங்க.”

அந்தப் பதிலை உன் அப்பா நம்பினார். நானும் நம்பினேன். அந்தோணியும் நம்பினான். மாட்டுப்பொங்கல் கழிந்து மேல்மலையில் புல் வெட்டுவதற்கு ஆள் கேட்டபோது, மேரி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். நான் அவளுக்குக் கொஞ்சம் கீழே இருந்தேன். சத்தம் கேட்டு ஏறிப் போனபோது புகையும் தேயிலை இலையுமாக இருந்தது. அவள் மல்லாந்து கிடந்தாள். அவளுக்கு அப்போது வலிகூடத் தெரியவில்லை, சேகர். என்னைப் பார்த்து, “தங்கக் கலர்ல என்னமோ மின்னுச்சுக்கா, என்னன்னு தட்டிப் பாத்தேன்” என்று தப்பு செய்த பிள்ளை மாதிரி சொன்னாள். அவளுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே எப்படி இருந்தது என்று பத்திரிகையில் எழுத மாட்டேன். உனக்கு எழுதியிருந்தேன். நீ படித்திருப்பாய். தாப்பா வரைக்கும் வளைவு வளைவாக லோரியில் கொண்டுபோய், அங்கிருந்து ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மிச்சத்தையும் எடுத்தார்கள்.

மறுநாள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி லயத்துக்கு வந்தார். “வெள்ளக்காரன் காலத்துக் குண்டும்மா. மண்ணுக்குள்ள கெடந்திருக்கு. யார் என்ன செய்ய முடியும்?” என்றார். மண்ணுக்குள் முப்பது வருஷம் கிடந்தது தங்கக் கலரில் மின்னுமா என்று கேட்டேன். “ஒனக்கு ரொம்பத் தெரியும்” என்றார். எனக்குத் தெரியும். மூக்கு மட்டும் பொன் பூசின மாதிரி இருக்கும் என்று, உன் குண்டைப் பற்றி நீ சொன்னதுதானே. பிறகு பட்டாளத்துக்காரர்கள் சிலர் வந்தார்கள். சிதறிக் கிடந்ததைப் பொறுக்கினார்கள். ரோட்டோரமாகக் கழியால் தட்டிக்கொண்டு நடந்தார்கள். பூட்ஸில் சேறு படாத இடம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, மலை சுத்தம் என்று தோட்டத்து மேனேஜர் துரையிடம் சொல்லிவிட்டு, அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

நான் ரிங்லெட்டுக்குப் போய், சீன முதலாளி தவுக்கேயின் கடை போனில் உன் முகாமைப் பிடித்தேன். நாம் பேசியதை மறைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

“மேரிக்குக் கால் போச்சுடா.”

“எங்கம்மா?”

“மேல்மலைல. எடுத்துட்டாங்கன்னு சொன்னியே?”

“சொல்லிட்டேம்மா. எடுக்கச் சொல்லி மேல சொல்லிட்டேன்.”

“எடுத்தாங்களா?”

“அது என் வேல இல்லம்மா. நான் சுடுற ஆளு.”

“அப்ப எங்க எங்க கெடக்குன்னாச்சும் சொல்லு. நான் போயி குச்சி நட்டுட்டு வாரேன்.”

“அம்மா, போன்ல இதெல்லாம் பேசக் கூடாது. ரகசியம்.”

“யாருக்குடா ரகசியம்? காட்டுல இருந்தவனுக்குத் தெரியும், அவன் மேலதான் சுட்ட. ஒனக்குத் தெரியும். தெரியாதவ மேரிதான்.”

அதற்கு நீ கேட்டாய்: “செல்வி வீட்டுல பொடவ எடுத்துட்டாங்களாம்மா?”

நான் போனை வைத்துவிட்டேன். ரிங்லெட்டிலிருந்து தோட்டத்துக்கு வருகிற லோரியில் வாந்தி எடுத்தேன். வளைவுகளால் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். இந்த ரோட்டில் பிறந்ததிலிருந்து போகிறேன். வளைவுகள் என்னை ஒன்றும் செய்வதில்லை.

அன்றிலிருந்து உன் லாஞ்சரைப் பற்றியேதான் யோசிக்கிறேன். கொளுந்து எடுக்கும்போதும், சோறு வடிக்கும்போதும். யாரோ படித்தவர்கள், வெளிச்சம் நல்லா வருகிற அறையில் மேசை போட்டு உட்கார்ந்து, சுடுகிறவன் கைக்கு ஒரு கீறல் விழக் கூடாது என்று எத்தனை பாடுபட்டிருக்கிறார்கள்! இத்தனை சுற்று சுற்றினால்தான் பூட்டுத் திறக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஓடு எப்படி உடைந்தால் அதிகம் பேர் உடம்பில் ஏறும் என்று உடைத்து உடைத்துப் பார்த்திருப்பார்கள். மலைக்குப் பின்னால் பதுங்கியவன் தலையிலும் விழ வேண்டும் என்று, மேலே எழும்பி வளைந்து இறங்குகிற மாதிரி செய்திருக்கிறார்கள். தூரம் பார்க்கக் கண்ணாடி, சூடு தாங்கக் குழாய், ஆட்டம் தாங்க முக்காலி. இவ்வளவு யோசித்தவர்களில் ஒருத்தனுக்காவது, வெடிக்காமல் விழுந்தது அப்புறம் என்ன ஆகும், அந்த மண்ணில் நாளைக்கு யார் கால் வைப்பார்கள் என்று தோன்றவில்லையா? தோன்றியிருக்கும். சுடுகிறவன் அவர்களுடைய ஆள். புல் வெட்டுகிறவள் யாருடைய ஆளும் இல்லை. அதனால் அதற்குப் பூட்டுச் செய்யவில்லை. இதைத்தான் நீ வேலைப்பாடு என்று எழுந்து நின்று சொன்னாய்.

நீ வளர்ந்த வீட்டில் எப்படி வேலை செய்வார்கள் என்று உனக்கு மறந்துவிட்டது. கவாத்துக் கத்தி எவ்வளவு கூர் என்று உனக்குத் தெரியும். சாயங்காலம் மலையிலிருந்து இறங்குமுன் ஆளாளுக்குக் கத்தியைக் கங்காணியிடம் காட்ட வேண்டும். ஒரு கத்தி குறைந்தாலும் ஒருவரும் இறங்க மாட்டார்கள். மறுநாள் பொம்பளைகள் அந்தச் செடிக்குள் கையை விடுவார்கள், வெறுங்காலோடு நடப்பார்கள் என்பதுதான் காரணம். ஒருநாள் உன் அப்பா கூட்டத்தில் ஒருவர் கத்தியைச் செடிக்குள் விட்டுவிட்டார். கொட்டுகிற மழை. அத்தனை பேரும் குனிந்து செடி செடியாகத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டுதான் வந்தார்கள். உன்னைத் திரிங்காப் திருவிழாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்த நாள் அது. நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, “யாரோ விட்ட கத்திக்கு அப்பா ஏன் தேடணும்?” என்று கேட்டாய். அவர் ஈரச்சட்டையைக் கழற்றிக்கொண்டே, “ஒங்கம்மாதான்டா நாளைக்கு அங்க போறா” என்றார். ஒரு கத்திக்கு இந்த ஒழுங்கு. உன் பட்டாளத்தில் பெல்ட் பெல்ட்டாக ஏற்றிச் சுட்டுவிட்டு, வண்டியில் ஏறிப் போய்விடலாம் போலிருக்கிறது.

நீ ஏன் பட்டாளத்துக்குப் போனாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. படித்துவிட்டு வந்தவனுக்குத் தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை தவிர ஒன்றும் இல்லை. உன் அப்பாவின் அடையாள அட்டை இன்னும் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற சிவப்பு ஐ.சி.தான். இந்த மலையில் பிறந்து இந்த மலையிலேயே முதுகு வளைந்தவர். அவர் இந்த நாட்டுக்காரர் என்று ஒத்துக்கொள்ள இன்னும் ஏதோ காகிதம் போதவில்லை. நீ குடிமகனுக்குரிய நீல ஐ.சி.யோடு பட்டாளச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றபோது அவர் லயம் முழுக்க உன்னைக் கூட்டிக்கொண்டு சுற்றினார். நானும்தான் பூரித்தேன். நம்மவன் ஒருத்தனையாவது இந்த நாடு வேண்டுமென்று கேட்டதே என்றுதான். அது உன்னை எதற்குக் கேட்டது என்று இப்போது தெரிகிறது. நம் மலையில் நிரை எண்ணத் தெரிந்தவன் ஒருத்தன் அதற்குத் தேவைப்பட்டிருக்கிறான்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். மற்ற அம்மாக்கள் பொறுமையாக இரு, அனுசரித்துப் போ என்று எழுதுவார்கள். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். செல்வியும் தோட்டத்துப் பெண். அவளுடைய அம்மா இன்னும் நிரை பிடிக்கிறாள். நம் வீட்டுக்கு வந்தால் முதல் நாளே பக்கத்து வீட்டில் கட்டையை ஊன்றி நடக்கிறவளைப் பார்ப்பாள். அக்காவுக்கு என்ன ஆச்சு என்று உன்னைத்தான் கேட்பாள். அப்போதும் ரகசியம் என்று சொல்லுவாயா? புருஷன் ஒரு பேச்சை மாற்றினால் பெண்டாட்டிக்கு உடனே தெரியும். அன்றைக்கு விடுகிற பிடியை அவள் மறுபடியும் பிடிக்க மாட்டாள். புடவையைப் பற்றிக் கேட்டுத் தப்பிக்க அங்கே போன் இருக்காது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மேல்மலையில் கவாத்து வெட்ட நாளாகிவிட்டது. இன்று, வெள்ளிக்கிழமை, காலைப் பெரட்டில் துரையே வந்து நின்றார். பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கிற இடத்துக்கு அவர் வருவதே அபூர்வம். மலை சுத்தம் என்று பட்டாளம் சொல்லிவிட்டது, திங்கட்கிழமை மேலே ஏற வேண்டும் என்றார். கவாத்துக் கூட்டம் அசையவில்லை. கவாத்து என்பது செடியின் அடிவரைக்கும் குனிந்து கத்தியை ஓங்குகிற வேலை. அடியில் என்ன கிடக்கிறது என்று வெட்டின பிறகுதான் தெரியும். அந்தோணி முன்னால் வந்து, “துரை, என் வீட்டுல ஒரு கால் போச்சு. இன்னும் எத்தன கால் வேணும்னு சொல்லிருங்க” என்றான். ஏற மனமில்லாதவர்கள் லயத்தைக் காலி செய்துகொண்டு கம்போங் ராஜாவுக்குப் போய்த் தக்காளி பறிக்கலாம் என்றார் துரை. கிராணி சிரித்தார். காலி செய்தால் அந்தோணி மேரியை எங்கே வைத்துக்கொள்வான்?

அப்போது உன் அப்பா வரிசையை விட்டு வெளியே வந்தார். “மேல் நிரை எல்லாத்தையும் நான் வெட்டுறேன். மத்தவங்கள கீழ விடுங்க,” என்றார்.

“தனியாவா? ஏன்யா?” என்று கேட்டார் கங்காணி.

“எம் மகன் சுட்டது,” என்றார் உன் அப்பா.

துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அவர் காதில் விழாத மாதிரி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து நான் கத்தினேன். உங்களுக்குப் பைத்தியமா, அவன் செய்ததற்கு நீங்கள் ஏன் சாக வேண்டும் என்று கேட்டேன். “ஏறலன்னா லயத்துல இருக்க முடியாது. ஏறுறது எப்படியும் யாராச்சும் ஏறணும். அந்தோணிய ஏறச் சொல்லட்டா?” என்று கேட்டார். உன்மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் சேர்த்துச் சொல்கிறேன், உனக்கு உறைக்கட்டும்.

இன்று மத்தியானமே ரிங்லெட்டுக்குப் போய் மறுபடியும் முகாமுக்குப் போன் போட்டேன். நீ பயிற்சியில் இருக்கிறாய் என்றான் ஒருத்தன். அடுத்த தடவை, வெளியே போயிருக்கிறாய் என்றான் அதே ஆள். பின்னால் உன் இருமல் சத்தம் எனக்குக் கேட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா? அங்கேயே கடை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தவுக்கேயின் மகன் இன்று சாயங்காலப் பஸ்ஸில் பத்திரிகைக்குக் கொண்டுபோகிறான். ஞாயிற்றுக்கிழமை அச்சில் வந்தால் உன் கையில் ஒரு பகலும் ஓர் இரவும் இருக்கும்.

உன் சார்ஜன் திட்டுவான். பட்டையைப் பிடுங்குவார்கள். உள்ளே தள்ளினாலும் தள்ளுவார்கள். போ. ஜெயிலுக்குப் போன மகனைப் பார்க்க நான் சோறு கட்டிக்கொண்டு வருவேன். என் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தால் வீட்டுக்கு வர வேண்டாம். நேரே மேல்மலைக்கு வந்து, இடத்தைக் கையால் காட்டிவிட்டு, யாரிடமும் பேசாமல் திரும்பிப் போ. அதுவும் முடியாதென்றால் தவுக்கே கடைக்கு ஒரு போன் போடு. நான் ஞாயிறு முழுக்க இங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் உன் அப்பா ஏறுகிறார். அவர் எங்கே கால் வைக்கக் கூடாது என்று சொல்.